பந்துவீச்சு வீரர் பல்வங்கர் பாலு

கல்லூரி விழா மலர்களிலே புலவர், அறிஞர், சமயச் சான்றோர் ஆகியோரின் வரலாறுகளை எழுதிவைத்தல் நம்மவரிடை நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கம் நன்றே. ஆயினும் வகுப்பறையில் உருவாகும் பெருமக்கள் போலவே விளையாட்டு மைதானத்தில் உருவாகிய பெருமக்களும் உளர். அன்னோருள் ஒருவர் பல்வங்கர் பாலு. பந்தொன்றையே படைக்கலமாகக் கொண்டு, கூலிக்கு உழைக்கும் பணியாளராகத் தொடங்கி, கடல் கடந்த இங்கிலாந்து மண்ணிலே தம் நாட்டின் பெயரை நிலைநாட்டிய இவ்வீரரின் வரலாற்றை நம் பழைய மாணவரும் இளைய மாணவரும் ஒருங்கே அறிதல் வேண்டும் என்பது எம் விருப்பம்.

மலைநாட்டில் வாழும் நமக்குக் கிரிக்கெட் ஆட்டம் புதியதன்று. தேயிலைத் தோட்டங்களை அமைத்த வெள்ளைத் துரைமார் தம் ஓய்வு நேரத்துக்கென ரதெல்லையிலும் தரவளையிலும் கழகங்களையும் ஆட்ட மைதானங்களையும் அமைத்தனர். கொழுந்துமலைகளின் நடுவே பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற அம்மைதானங்களைக் காணாத மலைநாட்டார் சிலரே. அங்கே துடுப்பை ஏந்தியவர் துரைமார். புல்லை வெட்டியவரும், உருளையை இழுத்தவரும், எல்லைக்கப்பால் உருண்ட பந்தை ஓடி எடுத்தவரும் உழைப்பாளர். இவ்வேற்றுமையை நினைவிற் கொண்டே பாலுவின் வரலாற்றைப் படித்தல் வேண்டும். ஏனெனில், அவரும் உருளை இழுத்த கைகளோடுதான் ஆட்டக்களத்துள் அடியெடுத்து வைத்தார்.

பிறப்பும் இளமையும்

பாலுவின் முன்னோர் கொங்கணக் கரையிலுள்ள பல்வன் என்னும் சிற்றூரைச் சேர்ந்தோர். பல்வங்கர் என்னும் குடிப்பெயர் அவ்வூர்ப் பெயரால் வந்ததாகும். தோல் தொழில் செய்யும் சமார் குலத்தில், 1870களின் நடுப்பகுதியில், தார்வார் நகரிலே பாலு பிறந்தார். அக்குலத்தோரைத் தீண்டத்தகாதார் என ஒதுக்கிவைத்திருந்த காலம் அது. கோயிலின் வாயில் அவர்க்கு அடைக்கப்பட்டிருந்தது. ஊர்க் கிணற்றின் நீர் மறுக்கப்பட்டிருந்தது. பாலுவின் தந்தையார் பூனாவில் இராணுவத்தைச் சார்ந்த பணியில் அமர்ந்திருந்தமையால், பிள்ளைகள் அந்நகரிலே வளர்ந்தனர். இராணுவ அதிகாரிகள் கைவிட்ட பழைய துடுப்புகளையும் பந்துகளையும் கொண்டு பாலுவும் அவர் தம்பி சிவராமும் ஆடப் பழகினர். பின்னர்ப் பிறந்த கணபதியும் விட்டலும் தமையன்மார் வழியையே பின்பற்றினர்.

வறுமை பாலுவை நெடுநாள் பள்ளியில் இருக்க விடவில்லை. பார்சி இனத்தவர் நடத்திய ஒரு கழகத்திலே களத்தைப் பெருக்கவும் உருளை இழுக்கவும் மாதம் 3 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். ஓய்ந்த வேளைகளில் உறுப்பினர்க்குப் பந்து வீசவும் அவர்க்கு வாய்ப்புக் கிட்டியது. 1892ஆம் ஆண்டளவில் ஐரோப்பியர்க்கே உரிய பூனாக் கழகத்துக்கு மாறினார். சம்பளம் 4 ரூபாயாக உயர்ந்தது. வேலையும் உடன் பெருகிற்று. வலைகளைக் கட்டுதல், கோடுகளைத் தீட்டுதல், டென்னிஸ் களத்தைச் செப்பனிடுதல் என எல்லாம் அவர் தலைமேல் விழுந்தன.

பூனாவில் பெற்ற பயிற்சி

அக்கழகத்தின் உறுப்பினருள் கிறெய்க் என்னும் இராணுவ அதிகாரி மிகச் சிறந்த துடுப்பாட்டக்காரர். அவர் நாள்தோறும் பிறர் வருமுன்னரே மைதானத்துக்கு வந்து, பாலுவின் பந்துகளை எதிர்கொண்டு பயிற்சி செய்வார். தம்மை ஒருமுறை வீழ்த்தினால் எட்டணா வீதம் கொடுத்தார் என்பது செவிவழிச் செய்தி. செய்தி எவ்வாறாயினும், அப்பயிற்சியால் துரை துடுப்பிலே தேர்ந்தார். பாலு பந்திலே தேர்ந்தார்.

ஈண்டு ஒன்றை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். ஆயிரக்கணக்கான பந்துகளை வீசிய அந்த இளைஞர்க்கு அக்கழகத்தில் துடுப்பைப் பிடித்துப் பயிலும் வாய்ப்பை எவரும் அளிக்கவில்லை. துடுப்பாட்டம் செல்வர்க்குரியது, பந்துவீச்சு உழைப்பாளிக்குரியது என்னும் எண்ணம் அக்காலத்தில் ஆழ வேரூன்றியிருந்தது. வெயிலிலே நாள் முழுதும் ஓடி ஓடிப் பந்தெறிதல் ஒருவகைக் கூலி வேலையாகவே மதிக்கப்பட்டது. பாலு அக்கூலி வேலையையே கலையாக உயர்த்தினார். இடக்கையால் மெல்ல எறியும் சுழற்பந்து அவருடையது. பந்தை இருபுறமும் திருப்புவார். ஒருமுறை உயர எறிவார், மறுமுறை தாழ எறிவார். வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். எப்பந்து எவ்வாறு வரும் என எதிரி அறியான். ஆனால் எல்லாப் பந்தும் எண்ணிய இடத்திலேயே விழும். யார்க்ஷயரின் புகழ்பெற்ற இடக்கைச் சுழற்பந்து வீரர் வில்பிரட் ரோட்ஸுடன் அவரைப் பிற்காலத்தார் ஒப்பிட்டமைக்குக் காரணம் இதுவே.

மண்பாத்திரமும் பீங்கான் கோப்பையும்

பூனாவில் இந்துக்களுக்கு ஒரு கழகம் இருந்தது. ஐரோப்பியரை வெல்ல வேண்டும் என்னும் வேட்கை அவர்களிடம் மிகுந்திருந்தது. வெல்வதற்கு வேண்டிய பந்துவீச்சாளரோ தீண்டாதார் குலத்தவர். அவரைச் சேர்ப்பதா, விடுவதா என்ற வாதம் எழுந்தது. உயர்குலத்தார் சிலர் மறுத்தனர். வேறு சிலர் ஆதரித்தனர். இத்தகைய வீரரை இழப்பது இந்துக்களுக்கு அறிவீனமாகும் என்ற கருத்தைக் கிறெய்க் துரையும் வெளிப்படுத்தினார். இறுதியில் பாலு அழைக்கப்பட்டார்.

அழைக்கப்பட்டார் என்றோம், சமமாக ஏற்கப்பட்டார் என்று சொல்ல இயலாது. களத்தினுள்ளே அவர் தொட்ட பந்தையே ஏனையோரும் தொட்டனர். களத்துக்கு வெளியிலோ நிலை வேறு. தேநீர் இடைவேளையிலே ஏனையோர் மண்டபத்தினுள் அமர்ந்து வெண்பீங்கான் கோப்பைகளில் அருந்துவர். பாலுவுக்கு மண்டபத்துக்கு வெளியே, அருந்தியபின் எறிந்துவிடும் மண்பாத்திரத்தில் தேநீர் வழங்கப்பட்டது. கை கழுவ வேண்டுமாயின், அவர் குலத்தைச் சேர்ந்த ஏவலாள் ஒருவரே மைதான மூலைக்கு நீர் கொண்டுசென்று வார்த்தல் வேண்டும். உணவும் தனித்தட்டிலே, தனிமேசையிலே.

தேயிலையோடு பிறந்து தேயிலையோடு வாழும் நம் மக்களுக்கு இச்செய்தி உள்ளத்தைச் சுடும் என்பதில் ஐயமில்லை. கொழுந்தைப் பறித்த விரல் எது, வறுத்த கை எது என ஆராயாமல் உலகம் முழுவதும் தேநீரை அருந்துகின்றது. அருந்தும் பாத்திரத்திலே மட்டும் மனிதன் வேற்றுமை வகுத்தான். பாலு அம்மண்பாத்திரத்தைக் கையில் ஏந்தியபோது என்ன நினைந்தார் என்பதை நாம் அறியோம். மீண்டும் களத்துள் இறங்கியதும் முன்போலவே பந்து வீசினார் என்பதை மட்டும் வரலாறு காட்டுகின்றது.

சாத்தாராவில் ஐரோப்பியர் கழகத்தோடு நிகழ்ந்த ஆட்டமொன்றிலே, பாலுவின் சுழற்பந்து பலிக்காதவாறு பல நாள் உருளையிட்டு நிலத்தை இறுக்கிவைத்திருந்தனர். அக்களத்திலும் அவர் ஏழு பேரை வீழ்த்தினார். அவ்வெற்றிக்குப் பின்னர், சமூகச் சீர்திருத்தத்தில் முன்னின்ற நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே, பாலுவோடு சேர்ந்து ஆடுவோர் அவரோடு சேர்ந்து உண்ணவும் வேண்டும் என இடித்துரைத்தார்.

பம்பாயில் உயர்ந்த புகழ்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாலு பம்பாய்க்குப் பெயர்ந்தார். அங்குள்ள இந்து ஜிம்கானாவிலும் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்து, பின்னர் அடங்கியது. பம்பாய், பரோடா, மத்திய இந்திய இரயில்வேயில் வேலையும் கிடைத்தது. சிவராமும் தமையனோடு ஒரே அணியில் சேர்ந்தார்.

1906ஆம் ஆண்டு பெப்ரவரியில் பம்பாயிலே இந்துக்களும் ஐரோப்பியரும் மோதினர். இந்து அணி 109 ஓட்டங்களால் வெற்றி பெற்றது. ஆளும் இனத்தை ஆளப்படும் இனம் அவர்தம் ஆட்டத்திலேயே வென்றது எனப் பத்திரிகைகள் கொண்டாடின. அவ்வெற்றியில் தோல் தொழிலாளர் குலத்து உடன்பிறந்தார் இருவரின் பங்கும் பெரிது. எத்தனையோ சொற்பொழிவுகள் செய்ய இயலாததை அவ்வாட்டம் செய்தது. பம்பாய் இந்து ஜிம்கானாவில் பாலுவும் சிவராமும் ஏனையோரோடு ஒன்றாயமர்ந்து உண்ணும் நிலையும் மெல்ல ஏற்பட்டது.

கடல் கடந்த ஆண்டு

1911ஆம் ஆண்டு இந்திய நாட்டின் கிரிக்கெட் வரலாற்றிலே குறிப்பிடத்தக்க ஆண்டாகும். அதற்கு முன்னர் 1886இலும் 1888இலும் பார்சி அணிகள் இங்கிலாந்து சென்றிருந்தன. எல்லாச் சமயத்தாரும் சேர்ந்த அனைத்திந்திய அணியொன்று சென்றது இவ்வாண்டிலேதான். பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள், ஒரு சீக்கிய மன்னர் என அணி அமைந்தது. சென்னையில் பிறந்த சேஷாச்சாரி விக்கெட் காப்பாளராகச் சென்றார். பாலுவும் சிவராமும் இடம்பெற்றனர். பத்தொன்பது வயதே நிரம்பிய பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைவரானார்.

அயல்நாட்டில் ஆடுதல் என்பது தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு இன்பச் செலவாகத் தோன்றும். உழைத்தவர்க்கே அதன் துன்பம் தெரியும். அன்று வானூர்தி இல்லை, வாரக்கணக்கில் கப்பற்பயணம். இறங்கியதும் பழகாத காலநிலை, பழகாத நிலம். ஏறக்குறைய மூன்று மாதத்துள் 23 ஆட்டங்கள். ஓர் ஆட்டம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு இரயிலேறி அடுத்த நகரம் சேர்தல், மறுபடியும் ஆட்டம். துடுப்பாட்டக்காரர் வீழ்ந்தால் நிழலில் அமர்ந்து இளைப்பாறலாம். பந்துவீச்சாளர்க்கோ எதிரணி வீழும்வரை இளைப்பாறுதல் இல்லை. முப்பத்தைந்து வயதை எட்டியிருந்த பாலுவின் தோள்மேலேயே அணியின் பந்துவீச்சுச் சுமை முழுவதும் விழுந்தது.

தலைவரின் துணையும் நீடிக்கவில்லை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா அவ்வாண்டு ஜூன் 22ஆம் நாள் நடைபெற்றது. விழாக்களிலும் விருந்துகளிலும் ஈடுபட்ட மகாராஜா சில ஆட்டங்களோடு நின்றுகொண்டார். அணியின் சிறந்த துடுப்பாட்டக்காரருள் ஒருவரான மிஸ்திரி மகாராஜாவின் செயலாளராதலின், அவரும் உடன் சென்றார். தலைவரும் இன்றி, தக்க துடுப்பாட்டக்காரரும் இன்றி, ஆட்டத்துக்கு ஆட்டம் தோல்வியே கிட்டியது. தோற்கும் அணியிலே பந்துவீசுதல் எத்துணைக் கடினம் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். நாள் முழுதும் வீசிப் பெற்ற பயன், தன் அணியினர் ஒரு மணி நேரத்துள் வீழ்வதால் வீணாகும். மறுநாளும் அதே முயற்சியோடு எழுதல் வேண்டும். பாலு எழுந்தார்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணியின் எட்டுப் பேரை ஒரே இன்னிங்ஸில் 103 ஓட்டங்களுக்கு வீழ்த்தினார். லெஸ்டர்ஷயர் அணியோடு நிகழ்ந்த ஆட்டத்தில் 11 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். அணிக்குப் பெருவெற்றி கிட்டியது. டோண்டன் நகரில் சோமர்செட் அணியோடு நிகழ்ந்த ஆட்டம் இன்னும் நயமுடையது. அதிலே சிவராம் ஆட்டமிழக்காமல் 113 ஓட்டங்கள் எடுத்தார். துடுப்புப் பயிற்சி மறுக்கப்பட்ட பாலு 55 ஓட்டங்கள் எடுத்தார். ஒரே விக்கெட் எஞ்சியிருக்க வெற்றி வந்தது. அப்பயணத்தில் முதல்தர ஆட்டங்கள் 14. இந்திய அணி வென்றவை இவ்விரண்டே, தோற்றவை பத்து. ஆயினும் பயணத்தின் எல்லா ஆட்டங்களிலுமாகப் பாலு வீழ்த்திய விக்கெட்டுகள் 114. தோற்ற அணியில் நின்று வென்றவர் அவர்.

இங்கிலாந்திலும் ஒருவகைத் தீண்டாமை இருந்தது என்பதை மறைத்தல் ஆகாது. ஊதியம் பெற்று ஆடுவோர் வேறு, பொழுதுபோக்குக்கு ஆடும் கனவான்கள் வேறு என அந்நாட்டார் பிரித்திருந்தனர். இரு சாராரும் வெவ்வேறு அறைகளில் உடைமாற்றி, வெவ்வேறு வாயில்களால் களமிறங்குவர். இவ்வேறுபாடு 1962ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டது. இங்கிலாந்து அணிக்கு ஊதியம் பெறும் வீரரொருவர் இருபதாம் நூற்றாண்டில் முதன்முதலாகத் தலைவரானது 1952இல். அவர் லென் ஹட்டன். அங்கே வகுப்பு, இங்கே குலம். பெயரே வேறு, உழைப்பவனைத் தலைமையிலிருந்து விலக்கும் எண்ணம் ஒன்றே.

தலைமைப் பதவி

தாயகம் திரும்பிய பாலுவை ஒடுக்கப்பட்ட மக்கள் பம்பாயிலே திரண்டு வரவேற்றனர். அவ்வரவேற்பில் வாழ்த்துரைத்த இளைஞர், எல்பின்ஸ்டன் கல்லூரி மாணவரான பீமராவ் அம்பேத்கர். பின்னாளில் இந்திய அரசியலமைப்பை வரைந்த குழுவுக்குத் தலைமை தாங்கிய அப்பெருமகனுக்கு, இளமையில் வழிகாட்டிய விளக்குகளுள் பாலுவும் ஒருவர்.

புகழ் வந்தது, பதவி வரவில்லை. இந்து அணியின் தலைமைக்கு ஆண்டுதோறும் அவர் பெயர் பேசப்படும். ஆண்டுதோறும் உயர்குலத்தார் ஒருவரே அமர்த்தப்படுவார். தலைவராயிருந்த பாய் என்பவரே, இப்பெருமை மூத்தவரான பாலுவுக்குரியது என மேடையிற் கூறியும் பயன் இல்லை. 1920இல் நாற்கோண ஆட்டத்தின்போது பாலு அணியிலிருந்தே விலக்கப்பட்டார். பாய் நோயுற, தலைமை தேவ்தர் என்னும் இளையவருக்குச் சென்றது. தமையனுக்கும் தம் குலத்துக்கும் இழைக்கப்பட்ட இழிவைப் பொறாத சிவராமும் விட்டலும் அணியை விட்டு விலகினர். விலகியதன் காரணத்தை ஊரறிய வெளியிட்டனர். மக்கள் கருத்து அவர்கள் பக்கம் திரும்பியது. இறுதியாட்டத்துக்குப் பாலு மீண்டும் அழைக்கப்பட்டு உபதலைவராக்கப்பட்டார். உடன்பிறந்தாரும் திரும்பினர். பாய் களத்தை விட்டு நீங்கிய சிறுபொழுதில் பாலு அணியை நடத்தினார். வாழ்நாள் உழைப்புக்கு அவர் பெற்ற தலைமை அவ்வளவே.

ஆயினும் விதைத்தவன் உண்ணாவிடினும் விளைச்சல் அழிவதில்லை. 1923இல் தம்பி விட்டல் இந்து அணியின் தலைவராக அமர்த்தப்பட்டார். அவ்வாண்டே ஐரோப்பியரை வென்று அணி வாகை சூடியது. தீண்டாதார் குலத்தவரை உயர்குல இளைஞரே தோளிற் சுமந்து சென்றனர். மண்பாத்திரத்திலிருந்து அத்தோள்வரை சென்ற வழி பாலு வகுத்த வழியாகும்.

பிற்காலம்

முதல்தர ஆட்டங்கள் 33இல் 179 விக்கெட்டுகளை, விக்கெட் ஒன்றுக்கு 15 ஓட்டங்களே கொடுத்து, பாலு வீழ்த்தினார். இந்தியா தனது முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை 1932இல் ஆடியபோது அவர் முதுமையை எட்டியிருந்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோருள் அவரும் சென்னைத் தமிழரான எம். சி. இராசாவும் இடம்பெற்றனர். ஒடுக்கப்பட்டோர்க்குத் தனித்தொகுதி வேண்டும் என்ற அம்பேத்கரின் கொள்கையை இவ்விருவரும் ஏற்கவில்லை. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் பாலு காங்கிரஸ் சார்பில் அம்பேத்கரையே எதிர்த்து நின்றார். அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். வாழ்த்தியவரும் வாழ்த்தப்பெற்றவரும் எதிரெதிரே நின்றமை வரலாற்றின் விந்தை. இருவரும் விரும்பிய முடிவு ஒன்று. சென்ற வழிகள் இரண்டு. எவ்வழி நேரியது என்பதை மாணவர் கற்றுத் தாமே தெளிவாராக. 1955ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் பாலு பம்பாயில் காலமானார்.

நாம் கொள்ளும் பாடம்

பாலுவுக்குப் பின் இந்நாட்டவரும் அயல்நாட்டவரும் பலர் பந்தையே தொழிலாகக் கொண்டு கடல் கடந்தனர். 1930களில் லங்கஷயரின் கோன் கழகத்துக்குத் தொழில்முறை வீரராகச் சென்ற அமர்சிங், 1940இல் முப்பது வயது நிரம்புமுன்னரே மறைந்தார். மலைநாட்டுத் தோட்டங்களில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரரான முத்தையா முரளிதரன், 2010இல் காலியில் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டைப் பெற்று, உலகில் எவரும் எட்டாத இடத்தை எட்டினார். உழைப்பாளியின் வேலை என ஒதுக்கப்பட்ட பந்துவீச்சு, உழைப்பாளியின் வழித்தோன்றலுக்கே மணிமுடியாயிற்று.

லயன் வீடுகளிலிருந்து புறப்பட்டுக் கல்லூரிப் படியேறும் நம் மாணவர்க்கு இவ்வரலாறு சொல்வன இரண்டு. இழிவு செய்வார் முன்னிலையில் தன் தொழிலைக் குறைவறச் செய்தல் ஒன்று. இது பாலு காட்டியது. இழிவை இழிவென்று ஊரறியச் சொல்லி எதிர்த்து நிற்றல் மற்றொன்று. இது அவர் தம்பியர் காட்டியது. முன்னது மட்டும் போதுமாயின் பாலுவே தலைவராயிருப்பார். பின்னதும் சேர்ந்தபோதே விட்டல் தலைவரானார். திறமைக்குப் பெருமை தானே வரும் என்று சொல்லிப் பிள்ளைகளை அனுப்பிவிடும் ஆசிரியராகிய நாமும் பெற்றோரும் இதனை மறத்தல் ஆகாது.

இன்னொன்றும் உண்டு. குலவேற்றுமை பூனாவோடு ஒழிந்த பழங்கதை அன்று. ஒரே மலையில் ஒரே நிறையைப் பறித்து, ஒரே மழையில் நனையும் நம்மவரிடையும் திருமணப் பந்தலிலும் திருவிழாவிலும் அது தலைகாட்டுவதை நாம் காண்கிறோம். பிறர் நம்மை ஒதுக்கியதை நினைந்து வருந்தும் நாம், நம்முள் ஒருவரை ஒதுக்குதல் எவ்வகையில் நீதியாகும்? நம் கல்லூரியின் ஆட்டக்களத்தில் எல்லோரும் ஒரு பந்தையே தொடுகின்றனர். ஆட்டம் முடிந்தபின் அருந்தும் கோப்பையிலும் அவ்வொருமை நிலவுமாக. அதுவே பல்வங்கர் பாலுவுக்கு நாம் செய்யும் நன்றிக்கடன் ஆகும்.